சராசரி மொத்தத்தைப் பார்க்கும், மீடியன் வரிசையைப் பார்க்கும்

ஜிமேட், ஜிஆர்இ மாதிரியான நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகிற சிலருக்கு வார இறுதியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் இன்ஜினியரிங் முடித்து நாலைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள். நிகழ்தகவு என்றால் கொஞ்சம் பயப்படுவார்கள். சராசரி என்றால் யாருக்கும் பயம் கிடையாது. "கூட்டி வகுக்கிறதுதானே சார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மாதிரித் தேர்வு வைத்தால் அதே ஆட்கள் ஒரு சராசரிக் கணக்கில் நாலு நிமிஷம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

காரணம் எளிது. பள்ளியில் நாம் படித்தது ஒரு திசைக் கணக்கு: எண்களைக் கொடுப்பாங்க, நாம சராசரியைக் கண்டுபிடிப்போம். இந்தத் தேர்வுகளில் திசையே வேறு. சராசரியைக் கொடுத்துவிட்டு எண்களைப் பற்றிக் கேட்பார்கள். சில கேள்விகளில் விடையைக்கூடக் கேட்க மாட்டார்கள், விடை கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். இப்போதைய ஜிமேட்டின் கணக்குப் பகுதியில் 45 நிமிஷத்தில் 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். ஜிஆர்இயில் திரையில் ஒரு கால்குலேட்டர் உண்டு. ஆனால் இந்த வகைக் கேள்விகளில் அது பெரிதாகக் கைகொடுக்காது, ஏன்னா சிக்கல் கூட்டலில் இல்லை.

இரண்டே கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் இந்தப் பகுதி முழுவதையும் தாண்டிவிடலாம் என்பது என் அனுபவம். சராசரி என்ற சொல்லைப் பார்த்ததும் "மொத்தம் என்ன?" மீடியன் என்ற சொல்லைப் பார்த்ததும் "வரிசையில் நடுவில் நிற்பது யார்?" (தமிழ்ப் பாடநூலில் மீடியனுக்கு இடைநிலை அளவு என்று பெயர். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வாயில் வருவது மீடியன்தான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.)

மொத்தத்துக்கு மாற்றுங்க

ஐந்து எண்களின் சராசரி 12. ஒரு எண்ணை எடுத்துவிட்டால் மிச்சமுள்ளவற்றின் சராசரி 10. எடுத்த எண் என்ன?

சராசரியோடு சராசரியைக் கழித்தால் 2 வரும். அதற்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை. மொத்தத்துக்கு மாற்றுங்க: முதலில் 5 × 12 = 60. பிறகு 4 × 10 = 40. வெளியே போனது 20. முடிந்தது.

சராசரிகளைக் கூட்டவும் கழிக்கவும் முடியாது, மொத்தங்களை முடியும். கேள்வி எவ்வளவு சுற்றி வளைத்து எழுதப்பட்டிருந்தாலும் சராசரி வரும் இடத்திலெல்லாம் எண்ணிக்கையால் பெருக்கி மொத்தமாக எழுதிவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே கரைந்துபோகும்.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. நாலு தேர்வில் ஒருவரின் சராசரி 78. ஐந்தாவது தேர்வில் எவ்வளவு எடுத்தால் சராசரி 80 ஆகும்? மொத்தம் வழியாகப் போனால் 400 − 312 = 88. இன்னொரு வழி: இலக்கு 80. நாலு தேர்விலும் சராசரியாகத் தலா 2 குறைவு, ஆகப் பாக்கி 8. அந்தப் பாக்கியை ஐந்தாவது தேர்வு ஒரே ஆளாக அடைக்கணும். 80 + 8 = 88. கடைக்கணக்கு மாதிரிதான்: சராசரிக்கு மேலே இருப்பதெல்லாம் வரவு, கீழே இருப்பதெல்லாம் பற்று, இரண்டும் எப்போதும் சரிசமம். கால்குலேட்டர் இல்லாத இடத்தில் பெரிய எண்களைப் பெருக்காமல் தப்பிக்க இந்த வழி ரொம்ப உதவும்.

இரண்டு கூட்டம், ஒரு சராசரி

ஓர் அலுவலகத்தில் ஆண்களின் சராசரி வயது 35, பெண்களின் சராசரி வயது 30, எல்லாரும் சேர்ந்து 32. ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்ன விகிதம்?

வரவு–பற்று முறையிலேயே பாருங்க. ஒவ்வோர் ஆணும் 32க்கு மேலே 3 வரவு. ஒவ்வொரு பெண்ணும் 2 பற்று. வரவும் பற்றும் சமமாக வேண்டும் என்றால் இரண்டு ஆண்களுக்கு மூன்று பெண்கள் இருக்கணும். விகிதம் 2 : 3. சரிபார்க்க: 70 + 90 = 160, ஐந்தால் வகுத்தால் 32.

இதில் கவனிக்க வேண்டியது, மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் சொல்லவே இல்லை. தேவையும் இல்லை. இரண்டு கூட்டத்தின் சராசரிகளும் தெரிந்திருந்தால், சேர்ந்த சராசரியை முடிவு செய்வது விகிதம் மட்டும்தான். "அலுவலகத்தில் 250 பேர்" என்று ஒரு தகவல் கொடுத்தால் அது பார்க்கக் கனமாகத் தெரியும், ஆனால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "2 : 3" என்பது எலும்பும் தோலுமாகத் தெரியும், அதுவே போதும்.

சராசரிகளின் சராசரி எடுக்கிற ஆபத்தும் இதே குடும்பம்தான். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி வேகம் 50 என்று கை தானாக எழுதும். மொத்தத்தைக் கேளுங்க. ஒரு பக்கம் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், ஆக 48. மெதுவாக வந்த பயணம் அதிக நேரம் எடுத்ததால் அதன் பக்கம் சராசரி சாய்ந்துவிட்டது. விடைத் தேர்வுகளில் 50 கட்டாயம் இருக்கும், அதை நம்பி எழுதுபவர்களுக்காகவே வைத்தது.

மீடியன்: காலி நாற்காலிகளை வரைங்க

இப்போது மீடியன். இதற்கு மொத்தத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்கும் எண், அவ்வளவுதான். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடுவில் இருவர் நிற்பார்கள், அவர்களின் சராசரி. அதனால் எல்லாம் முழு எண்ணாக இருந்தாலும் மீடியன் 7.5 என்று வரலாம்.

ஐந்து எண்களில் மிகப் பெரியதோடு 10 சேர்த்தால் என்ன ஆகும்? சராசரி 2 கூடும். மீடியன் அசையாது. எல்லா எண்ணோடும் 10 சேர்த்தால் இரண்டும் 10 கூடும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் இரண்டும் இரட்டிப்பாகும். ஜிஆர்இயில் இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரியது என்று கேட்கும் கேள்விகளில் பல இந்த நாலு வரிக்குள் அடங்கிவிடும்.

சராசரியும் மீடியனும் ஒரே கேள்வியில் சேர்ந்து வந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். தேர்வு வைப்பவர்களுக்குப் பிடித்த வகை இது:

ஐந்து நேர்ம முழு எண்களின் சராசரி 10, மீடியன் 12. அவற்றில் மிகப் பெரிய எண் அதிகபட்சம் எவ்வளவாக இருக்க முடியும்?

முதலில் ஐந்து நாற்காலி வரைங்க. நடு நாற்காலியில் 12. மொத்தம் 50. கடைசி நாற்காலிக்கு அதிகம் வேண்டுமென்றால் மற்ற எல்லாருக்கும் எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடுக்கணும். முதல் இரண்டு நாற்காலிக்கும் தலா 1. நாலாவது நாற்காலிக்கு? இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். அதற்கும் 1 கொடுக்க முடியாது, அது 12க்கு வலது பக்கம் இருக்கிறது. குறைந்தபட்சம் 12. ஆக 1, 1, 12, 12 கொடுத்த பிறகு மிச்சம் 24. விடை 24.

கேள்வியில் "வெவ்வேறான" என்ற ஒரு சொல் சேர்ந்தால் கணக்கு மாறும். அப்போது 1, 2, 12, 13. மிச்சம் 22. அந்த ஒரு சொல்லை வட்டம் போட்டுவிட்டுத் தொடங்குங்க.

அதே மிகப் பெரிய எண் குறைந்தபட்சம் எவ்வளவு என்றால்? இப்போது வலது பக்கத்தை அமுக்கணும். 12, 12, 12 என்று வைத்தால் 36. மிச்சம் 14ஐ இடது பக்கம் 7, 7 என்று உட்கார வைக்கலாம், எந்த விதியும் மீறப்படவில்லை. விடை 12. வெவ்வேறாக இருக்க வேண்டும் என்றால் 12, 13, 14 வைத்து மிச்சம் 11ஐ 5, 6 என்று பிரிக்கலாம். விடை 14.

இந்த வகையில் சூத்திரம் எதுவும் இல்லை என்பதைப் பாருங்க. மொத்தம் ஒரு வேலி, நடு நாற்காலி இன்னொரு வேலி. இரண்டு வேலிக்குள் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதுதான் கேள்வி.

சம இடைவெளி இருந்தால்

எண்கள் சம இடைவெளியில் இருந்தால் சராசரியும் மீடியனும் ஒன்றே. அதோடு முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தாலும் அதே வரும். தொடர்ச்சியான 15 முழு எண்களின் சராசரி 40 என்றால், 40தான் எட்டாவது ஆள். அவருக்கு வலது பக்கம் ஏழு பேர். பெரிய எண் 47. சமன்பாடு எழுதவே தேவையில்லை.

ஆனால் இதைத் திருப்பிப் போடக் கூடாது. சராசரியும் மீடியனும் சமமாக இருக்கிறது, அதனால் சம இடைவெளி என்று சொன்னால் தப்பு. 1, 2, 5, 7, 10 பாருங்க. கூட்டினால் 25, சராசரி 5, நடுவிலும் 5. இடைவெளிகளோ 1, 3, 2, 3. தகவல் போதுமா என்று கேட்கும் கேள்விகளில் இந்தப் பொறி வைக்க வசதியானது. இந்த ஐந்து எண்களை மனதில் வைத்திருந்தால் சட்டென்று வெளியே வந்துவிடலாம்.

தெரியாத எண் எங்கே உட்காரும்?

3, 7, 8, 12, இன்னும் ஒரு தெரியாத எண். அதைக் க என்று வைத்துக்கொள்வோம். சராசரியும் மீடியனும் சமம் என்றால் க என்ன?

மொத்தம் 30 + க. அதனால் சராசரி 6 கூட்டல் கவின் ஐந்தில் ஒரு பங்கு. இது எப்போதும் மாறாத வடிவம். மீடியன் அப்படி இல்லை. க எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து மூன்று கதை:

க 7 அல்லது அதற்குக் குறைவு என்றால் மீடியன் 7. அப்போது கவின் ஐந்தில் ஒரு பங்கு 1, ஆக க = 5. 7க்குக் குறைவுதான், பொருந்துகிறது.

க 8 அல்லது அதற்கு மேல் என்றால் மீடியன் 8. அப்போது ஐந்தில் ஒரு பங்கு 2, க = 10. இதுவும் பொருந்துகிறது.

க 7க்கும் 8க்கும் நடுவில் என்றால் அதுவேதான் மீடியன். அப்போது கவில் ஐந்தில் நாலு பங்கு 6, க = 7.5. இதுவும் சரி.

மூன்று விடை! முழு எண் என்று சொல்லியிருந்தால் இரண்டு. ஒரு விடை கிடைத்ததும் பேனாவை வைத்துவிடுபவர் இங்கே மாட்டிக்கொள்வார். மீடியன் கேள்வியில் தெரியாத எண் வந்தால் இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும் உட்கார வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்க. ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கணும்.

போதுமா, போதாதா?

ஜிமேட்டுக்கே உரிய டேட்டா சஃபிஷியன்ஸி கேள்விகள் இப்போது டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதியில் வருகின்றன. ஒரு கேள்வி, இரண்டு தகவல். முதலாவது மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, தனித்தனியே ஒவ்வொன்றும் போதுமா, எதுவுமே போதாதா என்று சொல்லணும்.

கேள்வி: ஐந்து எண்களின் மீடியன் என்ன?
தகவல் 1: அவற்றின் சராசரி 20.
தகவல் 2: சரியாக இரண்டு எண்கள் 20ஐவிடக் கூடுதல், சரியாக இரண்டு எண்கள் 20ஐவிடக் குறைவு.

முதல் தகவல் மொத்தம் 100 என்று சொல்கிறது, வரிசையைப் பற்றி மூச்சு விடவில்லை. போதாது. இரண்டாவதைப் படித்ததும் "அந்த ஐந்தாவது எண்ணைத்தான் மொத்தத்திலிருந்து பிடிக்கணும்போல" என்று தோன்றும். அதனால் இரண்டும் சேர்ந்தால்தான் என்று குறிப்பவர்கள் அதிகம். மெதுவாகப் படிங்க. இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே, "சரியாக" என்று வேறு சொல்லியாச்சு. ஐந்தாவது ஆள் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அப்படியென்றால் 20தான், நடுவில் நிற்பதும் அவர்தான். இரண்டாவது தகவல் மட்டுமே போதும். சராசரி வெறும் அலங்காரம்.

மீடியனைக் கேட்கும்போது வரிசையைப் பற்றிப் பேசும் தகவலையும், சராசரியைக் கேட்கும்போது மொத்தத்தைப் பற்றிப் பேசும் தகவலையும் முதலில் தேடினால் இந்தக் குழப்பம் வராது.

அட்டவணை கொடுத்தால்

ஒரு தெருவில் 25 குடும்பங்கள். குழந்தை இல்லாத குடும்பம் 3, ஒரு குழந்தை உள்ளது 8, இரண்டு உள்ளது 10, மூன்று உள்ளது 4. மீடியன் என்ன?

0, 1, 2, 3 என்ற நாலு எண்ணுக்கு நடுவே 1.5 என்று எழுதுபவர்கள் உண்டு. வரிசையில் நிற்பது அந்த நாலு எண் இல்லை, 25 குடும்பங்கள். நடுவில் நிற்பது 13ஆவது குடும்பம். முதல் 3 பேர், அடுத்த 8 பேர், ஆக 11 பேர் ஆச்சு. 13ஆவது ஆள் இரண்டு குழந்தைக் கூட்டத்தில் நிற்கிறார். மீடியன் 2. சராசரிக்கு மறுபடி மொத்தம்: 8 + 20 + 12 = 40 குழந்தைகள், 25ஆல் வகுத்தால் 1.6.

தேர்வுக்கு அப்புறமும் இதே கணக்கு

இந்தத் தேர்வை எழுதுவதே ஒரு கல்லூரிக்குள் போகத்தான். எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யும்போது எல்லாரும் பார்க்கும் எண் சம்பளம். அங்கேயும் இந்த இரண்டு பேர்தான் காத்திருக்கிறார்கள்.

நானே போட்ட ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு வகுப்பில் 9 பேருக்கு வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் லட்சத்தில்: 8, 8, 9, 9, 10, 10, 11, 12, 85. மொத்தம் 162, சராசரி 18 லட்சம். விளம்பரப் பலகையில் 18 என்று போடலாம், பொய்யில்லை. ஆனால் 9 பேரில் 8 பேருக்கு அந்த 18 கைக்கு எட்டவில்லை. மீடியன் 10. நீங்க அந்த வகுப்பில் சேர்ந்தால் உங்களுக்கு வரக்கூடியதற்குப் பக்கத்தில் இருப்பது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் என்ஐஆர்எஃப் தரவரிசை மேலாண்மை, பொறியியல் கல்லூரிகளிடம் கேட்பது சராசரிச் சம்பளத்தை அல்ல, மீடியன் சம்பளத்தை. கல்லூரிகள் கொடுத்த அந்த விவரங்கள் பொதுவெளியிலும் கிடைக்கும்.

அதையும் ஒரு கேள்வியோடு படிக்கணும்: வரிசையில் நிற்பது யார் யார்? அங்கே கொடுக்கப்படுவது வேலை கிடைத்தவர்களின் மீடியன். என் கற்பனை வகுப்பில் வேலை தேடியும் கிடைக்காத 6 பேர் இருந்தால்? அவர்களைப் பூஜ்யமாக வரிசையில் சேர்த்தால் 15 பேர், நடுவில் 8ஆவது ஆள், மீடியன் 10லிருந்து 8க்கு இறங்கும். சராசரி 18லிருந்து 10.8க்கு விழும். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை, வரிசையில் யாரைச் சேர்த்தோம் என்பதுதான் மாறியது. அதனால் மீடியன் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற எண்களையும் சேர்த்துப் பாருங்க. இருபது லட்சம், முப்பது லட்சம் கடன் வாங்கிச் சேரப்போகிறவருக்கு இது தேர்வில் ஒரு மார்க்கைவிடப் பெரிய விஷயம்.

கடைசியாக ஒரு வீட்டுக்கணக்கு. வெவ்வேறான ஏழு நேர்ம முழு எண்கள். சராசரி 14, மீடியன் 18. மிகப் பெரிய எண் அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு? ஏழு நாற்காலி வரைந்துவிட்டுத் தொடங்குங்க. விடை 35, 21. வேறு எண் வந்திருந்தால் 18க்கு வலது பக்க நாற்காலிகளை மறுபடி ஒருமுறை பாருங்க, பெரும்பாலும் அங்கேதான் இடித்திருக்கும்.